எரிமலைக்குள் எரியும் எஜமானி: வில்லேல் பண்ணை வீட்டின் பேய்க்கதை

[காட்சி: ரீயூனியன் தீவின் மேற்குச் சரிவு. மரங்களுக்கு நடுவே இரண்டடுக்குக் கல் வீடு.]

வணக்கம். புதுச்சேரிக்காரர்கள் இந்த வீட்டைப் பார்த்தால், "இது நம்ம ஊர் மெத்தை வீடு மாதிரி இருக்கே" என்பார்கள். சரியாகத்தான் சொல்கிறார்கள். மேலே ஓடும் இல்லை, தகரமும் இல்லை. சுண்ணாம்பும் செங்கல்தூளும் சேர்த்து இடித்துப் போட்ட மொட்டைமாடித் தளம். நம் கடற்கரையிலிருந்து கப்பலேறிப் போன வேலைப்பாடு அது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இதைக் கட்டினார்கள். இன்று ரீயூனியன் என்கிற இந்த இந்தியப் பெருங்கடல் தீவுக்கு அப்போது பெயர் புர்போன்; பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது.

இங்கே பேய் உண்டா? உண்டு. ஆனால் அது இந்த வீட்டில் இல்லை, தீவின் மறுகோடியில் இருக்கும் எரிமலைக்குள் இருக்கிறது.

[காட்சி: இரவு. பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் எரிமலையிலிருந்து வழியும் சிவப்புக் குழம்பு.]

பேயின் பெயர் மதாம் தெபாசேன். முழுப் பெயர் ஓம்ப்ளின் தெபாசேன். 1755-இல் பிறந்தவர். 1800-இல் கணவர் இறந்த பிறகு சுமார் 45 வருடம் தனி ஆளாக இந்த வீட்டுப் பண்ணையை நடத்தினார். முதலில் பருத்தி, காப்பி, அப்புறம் கரும்பு. அந்தக் குடும்பத்தின் கையில் இருந்த அடிமைகள் 400 பேருக்கும் மேல். மடகாஸ்கர், ஆப்பிரிக்கக் கரை என்று பல இடங்களிலிருந்து புர்போனுக்கு அடிமைகளைப் பிடித்து வந்தார்கள். அவர்களில் இந்தியாவிலிருந்து விற்கப்பட்டவர்களும் உண்டு. நம்மவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகத்தான் இங்கே வந்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதற்கு முன்பே சங்கிலியோடு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

இந்தக் குடும்பத்தின் செல்வாக்கைக் கொஞ்சம் பாருங்கள். ஒரு மருமகன், ஜோசப் தெ வில்லேல், 1820-களில் பிரான்சின் பிரதமர். பின்னாளில் பண்ணைக்கு நிலைத்ததும் அந்த வில்லேல் என்ற பெயர்தான். இதே குடும்பத்தைச் சேர்ந்த எழேன் தெபாசேன் 1826 முதல் 1828 வரை புதுச்சேரியில் கவர்னர். இன்று ரோமன் ரோலண்ட் நூலகம் என்று நாம் சொல்வதை 1827-இல் தொடங்கியவர் அவர்தான். அவர் பதவியில் இருந்த 1828-இல்தான் ஏனாமிலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளர்கள் இந்தத் தீவுக்குக் கப்பலேறினார்கள்.

மதாம் 1846-இல் இறந்தார். வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் இருக்கும் கூர்க்கோபுரத் தேவாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. தீவின் பெரிய மனிதர்கள் அவரை இரண்டாவது தெய்வம் என்ற அளவுக்குப் புகழ்ந்தார்கள். இரண்டே வருடத்தில், 1848 டிசம்பர் 20 அன்று, அடிமைமுறை ஒழிந்தது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விடுதலை ஆனார்கள்.

அவர்களும் மதாமைப் பற்றிப் பேசினார்கள், வேறு மாதிரி. கர்ப்பிணிகளைச் சவுக்கால் அடிக்கும்போது வயிற்றுக்கு இடம் விட்டு மண்ணில் குழி தோண்டச் சொன்னாளாம். செத்த பிறகு அவள் எரிமலைக்குள் தள்ளப்பட்டாளாம். மலை வெடிக்கும்போதெல்லாம் கேட்பது அவள் அலறலாம். குழி தோண்டிய கதை மற்ற அடிமைத் தீவுகளிலும் இருக்கிறது. அதனால் அது இந்த வாசலில்தான் நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கொடுமையைச் சொல்ல ஒரு முகம் தேவைப்பட்டது. தீவிலேயே எல்லோருக்கும் தெரிந்த எஜமானி முகம் இவருடையது.

[காட்சி: கூரை போன கரும்பாலை. உயர்ந்து நிற்கும் புகைபோக்கி.]

எனக்கு இந்தக் கதையில் விடாமல் உறுத்துவது ஒன்று உண்டு. நம் ஊரில் யார் பேயாவார்கள்? அநியாயமாகச் செத்தவர்கள். பழையனூர் நீலியை நினைத்துப் பாருங்கள். தெற்கே எத்தனையோ ஊர்களில் கொலையுண்டவர்களுக்குப் பீடம் போட்டுப் படையல் வைக்கிறோம். இங்கே செத்துப்போன அடிமை யாரும் பேயாக வரவில்லை. அடித்தவள்தான் வருகிறாள். அதுவும் யாரையும் மிரட்டுவதற்கு இல்லை, தண்டனை அனுபவிப்பதற்கு. மதாம் மேல் எந்த நீதிமன்றத்திலும் வழக்கு நடக்கவில்லை. எழுத்து தெரியாதவர்கள் தாங்களே விசாரித்து, தாங்களே தீர்ப்பு எழுதி, சிறையையும் காட்டிவிட்டார்கள். 2632 மீட்டர் உயர மலை அது. அடிக்கடி வெடிக்கிற மலை என்பதால் தீர்ப்பு மறந்துபோகவும் வழியில்லை.

சிலர் மதாமையும் கிரான்மேர் கால் என்ற கிழவிப் பேயையும் ஒன்றாக்கிவிடுவார்கள். குழந்தைகள் வட்டமாக நின்று, "கிரான்மேர் கால், கெல் எர் இ லே?" என்று மணி கேட்பார்கள். "நடுராத்திரி" என்று பதில் வந்ததும் ஓட்டம்.

இன்று இந்த வீடு அருங்காட்சியகம். உள்ளே பீங்கான் தட்டுகளும் பளபளக்கும் மரச்சாமான்களும் இருக்கின்றன. அவற்றை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். ஆனால் வெளியே வாருங்கள். தோட்டத்தில் அடிமைகளுக்கான மருத்துவமனைக் கட்டடம் நிற்கிறது. வெயிலில் சூடேறிய அந்தக் கருங்கல் சுவரில் கை வைத்து நின்றேன். நெடுநேரம் கையை எடுக்க மனம் வரவில்லை.

இங்கே எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி. முன்னோர் காரைக்காலிலிருந்து வந்தவர்கள். தீமிதி நாளில் விரதம் தவறாதவர். வீட்டில் பேசுவது தீவின் பேச்சுமொழியான கிரியோல். ஒருநாள் டிவியில் எரிமலை சிவந்து கொட்டிக்கொண்டிருந்தது. பாட்டி முறத்தில் சிலாவோஸ் என்ற மலையூர்ப் பருப்பைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டே, "மதாம் தண்ணி கேக்குறா" என்றார்.

"கொடுக்கலாமா பாட்டி?" என்றேன்.

அவர் நிமிரவில்லை. இன்னொரு கல்லை எடுத்து வாசலில் எறிந்தார்.