இடது ஸ்பீக்கரில் ஒருவர், வலது ஸ்பீக்கரில் ஒருவர்

அனைவருக்கும் வணக்கம்.

போன கூட்டம் முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு நண்பர் பிடித்துக்கொண்டார். "கேங் ஆஃப் ஃபோர் பத்திச் சொன்னீங்களே சார், எந்தப் பதிவைக் கேக்கணும்?" என்றார். "எல்லாத்தையும் கேளுங்க" என்று சொல்லி நழுவிவிட்டேன். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் உறைத்தது. கேங் ஆஃப் ஃபோர் என்ற இந்த ஆங்கில ராக் குழு சில பாட்டுகளை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை பதிவு செய்திருக்கிறது; அதில் எது சரியான பதிவு என்பதுதான் அதன் ரசிகர்கள் நாற்பது வருஷத்துக்கு மேல் அடித்துக்கொள்ளும் விஷயமே. அந்தக் கடனை இன்றைக்கு அடைத்துவிடுகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாக. இங்கிலாந்தின் வடக்கே லீட்ஸ் நகரம், 1976. ஜான் கிங் பாட்டு, ஆண்டி கில் கித்தார், ஹியூகோ பர்ன்ஹாம் டிரம்ஸ்; பேஸ் கித்தார் வாசிக்க டேவ் ஆலன் வந்து சேர்ந்தார். பங்க் இசையின் கோபத்தையும், கறுப்பின அமெரிக்கர்களின் ஃபங்க் தாளத்தையும் ஒரே உலையில் போட்டார்கள். ஆனால் ஃபங்க் இசையில் இருக்கும் கொழுப்பையெல்லாம் வழித்து எடுத்துவிட்டார்கள். கில் பெரும்பாலும் கித்தாரை மீட்டுவதில்லை, வெட்டுவார். கித்தார் ஒலியைப் பெருக்கும் பெட்டிதான் ஆம்ப்; அதில் வால்வு வகை ஒலியை இதமாக்கிவிடும் என்பதால் அதை ஒதுக்கி, டிரான்சிஸ்டர் ஆம்பில் வாசித்தவர். பாட்டுக்கு நடுவே கித்தார் சட்டென்று நின்றுவிடும். அந்த வெற்றிடத்தில் பேஸ் மட்டும் நடக்கும். முதல் தடவை கேட்டபோது ஒயர் பிடுங்கிக்கொண்டதோ என்று எழுந்துபோய்ப் பார்த்தவன் நான். (சிரிப்பு)

சரி, சண்டைக்கு வருவோம். 1978-இல் எடின்பரோவின் ஃபாஸ்ட் ப்ராடக்ட் என்ற சின்ன நிறுவனம் இவர்களுடைய முதல் தட்டை வெளியிட்டது. 'டேமேஜ்டு குட்ஸ்' என்று பெயர், மூன்றே பாட்டு. அடுத்த வருஷம் ஈஎம்ஐ என்ற பெரிய நிறுவனத்துக்குப் போய் 'என்டர்டெயின்மென்ட்!' தொகுப்பைச் செய்தார்கள். அந்த மூன்றில் இரண்டை அதற்காகப் புதிதாகப் பதிவு செய்தார்கள். அங்கே தொடங்கியது தகராறு. சின்னத் தட்டில் இருப்பதுதான் அசல், பெரிய கம்பெனிக்குப் போனதும் மெருகு போட்டுவிட்டார்கள் என்பது ஒரு கட்சி. முதல் தட்டு வெறும் ஒத்திகை, தொகுப்புதான் தீர்ந்த வடிவம் என்பது எதிர்க்கட்சி.

மெருகு என்கிற குற்றச்சாட்டை என் காது ஒப்புக்கொள்ளவில்லை. தொகுப்பின் ஒலிதான் இன்னும் வறண்டது. எதிரொலி என்று ஒரு பூச்சும் கிடையாது. டிரம்ஸ் உங்கள் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி அடிப்பது போலிருக்கும். 'டேமேஜ்டு குட்ஸ்' பாட்டில் முறிந்த காதலைக் கடையில் திருப்பிக் கொடுக்கும் பழுதான சரக்கின் மொழியிலேயே பேசுகிறார்கள். அந்தப் பாட்டுக்கு இந்த வறட்சி பொருந்துகிறது. அதில் என் ஓட்டு 1979-க்கு.

ஆனால் இன்னொரு பாட்டு இருக்கிறது. முதல் தட்டில் 'லவ் லைக் ஆந்த்ராக்ஸ்', தொகுப்பில் வெறும் 'ஆந்த்ராக்ஸ்'. கித்தாரின் ஊளையில் தொடங்கும். பிறகு கிங் ஒரு பக்கம் பாடுகிறார்: காதல் என்பது ஆடுமாடுகளுக்கு வரும் நோய் மாதிரி தொற்றிக்கொள்ளும் என்று. அதே நேரத்தில் கில் வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கிறார், செய்தி வாசிப்பவரைப் போல ஏற்ற இறக்கமே இல்லாமல். இரண்டு குரலும் ஒன்றை ஒன்று சட்டை செய்வதே இல்லை.

தொகுப்பில் கில் பேசுவது காதல் பாட்டுகளைப் பற்றி. எல்லாரும் ஏன் இதையே பாடுகிறார்கள், இரண்டு பேருக்கு நடுவில் நடப்பதை ஏன் மர்மமாக்க வேண்டும் என்கிற மாதிரி. 1978 பதிவில் அவர் பேசுவது அதுவே இல்லை. அந்தப் பாட்டை எந்தக் கருவிகளை வைத்து எப்படிப் பதிவு செய்தோம் என்று கணக்கு ஒப்பிக்கிறார்! ஒருவர் காதலில் அடிபட்டுப் புலம்புகிறார். பக்கத்தில் ஒருவர் ஸ்டூடியோவின் சாமான் பட்டியலை வாசிக்கிறார்.

வார்த்தையை ஏன் மாற்றினார்கள்? இது என் ஊகம்தான். பழைய பேச்சு அந்த ஒரு பதிவைப் பற்றியது. வேறு அறையில், வேறு கருவிகளோடு திரும்ப வாசித்தால் அது பொய்யாகிவிடும். அப்படியானால் 1978 பதிவை ஒத்திகை என்று எப்படித் தள்ளுவது? அதன் இடத்தில் வேறொன்றை உட்காரவைக்கவே முடியாது. இங்கே என் ஓட்டு முதல் தட்டுக்கு. கட்சி மாறுகிறான் என்று நீங்கள் சொல்லலாம்.

வெளிவராமலே போன வடிவமும் உண்டு. 1979-இல் 'அட் ஹோம் ஹீஸ் எ டூரிஸ்ட்' பாட்டுக்காக பிபிசியின் டாப் ஆஃப் தி பாப்ஸ் என்ற தொலைக்காட்சி இசை நிகழ்ச்சிக்கு அழைத்தார்கள். ஆணுறையைக் குறிக்கும் ஒரு சொல்லை மாற்றச் சொன்னார்கள். குழு வேறொரு சொல் தருவதாகச் சொன்னது. மாற்றியதே தெரியாத மாதிரி வேறு சொல் வேண்டும் என்றது பிபிசி. முடியாது என்று குழு கிளம்பி வந்துவிட்டது.

இனி 2005. அதே நால்வர், ஐம்பதை நெருங்கிய வயதில், பழைய பாட்டுகளையே மறுபடி பதிவு செய்து 'ரிடர்ன் தி கிஃப்ட்' என்று வெளியிட்டார்கள். ரசிகர்கள் கொதித்தார்கள். பலருக்குக் காரணம் புரியவில்லை. பாட்டின் மெட்டும் சொல்லும் எழுதியவருக்குச் சொந்தம். ஆனால் அன்றைக்கு அந்த அறையில் நாடாவில் ஏறிய ஒலி பெரும்பாலும் செலவு செய்த கம்பெனிக்குச் சொந்தம். ஒரு படத்துக்கோ விளம்பரத்துக்கோ அந்தப் பதிவு வேண்டுமென்றால் கம்பெனியிடம்தான் போக வேண்டும். திரும்ப வாசித்துவிட்டால், புதிய பதிவு நம் கையில். சரக்கு, விலை, உழைப்பு என்றே பாடிக்கொண்டிருந்தவர்கள் இதைச் செய்யாமல் வேறு யார் செய்வது?

கேட்க எப்படி என்கிறீர்களா? டிரம்ஸ் கனம் ஏறி ஜிம்முக்குப் போய் வந்தது மாதிரி இருக்கிறது. கை தேறிவிட்டது, பதற்றம் போய்விட்டது. வீட்டில் நான் அதைப் போடுவதில்லை. ஆனால் அலமாரியில் மற்ற இரண்டுக்கும் பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன்.

பேச்சு போதும். 1979-இன் 'ஆந்த்ராக்ஸ்' பதிவைப் போடுகிறேன். ஸ்பீக்கர்களை மேடையின் இரண்டு ஓரத்துக்கும் தள்ளி வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஒரு பக்கம் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பாட்டு தூக்கலாகக் கேட்கும், மறுபக்கத்துக்குப் பேச்சு. நடுவில் இருப்பவர்கள்பாடுதான் கஷ்டம். பாதியில் நிறுத்தி இடம் மாறச் சொல்வேன். தம்பி, அந்த மின்விசிறியைக் கொஞ்சம் அணைத்துவிடப்பா.