முங்குவதற்கு முன் கபாலபாதி செய்யலாமா?

வணக்கம். மண்டபம் பக்கத்தில் பாசி எடுக்கிற தங்கச்சி ஒருவர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். "அக்கா, தீவுப் பக்கம் போகிற நாளுக்கு முந்தின ராத்திரி தூக்கமே வருவதில்லை, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. கபாலபாதி செய்தால் மனசும் அடங்கும், தண்ணிக்குள்ளே கூடுதல் நேரம் தம் பிடிக்கலாம் என்கிறார்கள். வள்ளத்தில் போகும்போதே செய்யலாமா?"

கூடவே கூடாது, தங்கச்சி. மற்றதை அப்புறம் பேசுவோம், முதலில் இதைக் கேளுங்கள்.

முங்கியிருக்கும்போது "போதும், மேலே வா" என்று நெஞ்சு முட்டுகிறது இல்லையா? அது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைந்ததால் வருவதில்லை. ரத்தத்தில் கரியமில வாயு ஏறுவதால் வருவது. கபாலபாதியில் செய்வதுபோல் வேகவேகமாக மூச்சை வெளியே தள்ளினால் அந்த வாயு வெளியேறிவிடும், ஆனால் ஆக்சிஜன் பெரிதாக ஏறாது. ரத்தத்தில் அது ஏற்கெனவே கிட்டத்தட்ட நிறைந்துதான் இருக்கிறது. அதனால் முட்டல் தாமதமாக வரும். இன்னும் தம் இருக்கிறது என்று நீங்கள் மரிக்கொழுந்துப் பாசியைப் பறித்துக்கொண்டே இருப்பீர்கள், அதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து மயக்கம் வந்துவிடும். கரையில் மயங்கினால் தண்ணீர் தெளித்து எழுப்பலாம். கடலுக்குள் மயங்கினால் சத்தம்கூட வராது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இப்படிப் போயிருக்கிறார்கள்.

சரி, ராத்திரிப் படபடப்புக்கு வருவோம். அதற்கும் கபாலபாதி பொருந்தாது, அது உடம்பைக் கிளப்பிவிடுகிற பயிற்சி. உங்களுக்கு வேண்டியது நீளமான வெளிமூச்சு. மணிக்கட்டில் நாடியைத் தொட்டுப் பாருங்கள். மூச்சு உள்ளே போகும்போது துடிப்பு கொஞ்சம் வேகமாகும், வெளியே விடும்போது நிதானமாகும். எல்லாருக்கும் இது தெளிவாகத் தெரியாது, தெரியாவிட்டால் கவலை வேண்டாம்.

பாயில் மல்லாந்து படுத்து, காலைச் சுவரில் சாய்த்தோ பெஞ்சு மேல் வைத்தோ கொள்ளுங்கள். நாள் முழுக்கத் தண்ணீரில் குனிந்த இடுப்புக்கும் இது சுகம். மனசுக்குள் நாலு எண்ணி மூக்கால் இழுங்கள், ஆறு எண்ணி விடுங்கள். நடுவில் தம் பிடிக்க வேண்டாம். பழைய நூல்களில் வரும், 16 எண்ணி இழுத்து, 64 எண்ணித் தம் பிடித்து, 32 எண்ணி விடுகிற கணக்கெல்லாம் குரு பக்கத்தில் இருந்து பல வருஷம் பழகியவர்களுக்கு. பகல் முழுக்கத் தம் பிடிக்கிற உங்களுக்கு ராத்திரியும் எதற்கு அது? பத்து நிமிஷம் போதும். பிள்ளைகள் தூங்கினால் விடுகிற மூச்சோடு மெல்ல 'ம்ம்ம்' என்று முனகலாம், அதுதான் பிராமரி.

அலைச் சத்தத்தோடு மூச்சைச் சேர்த்து விடச் சொல்கிற வீடியோக்களை நம்பாதீர்கள். வாடைக் காலத்தில் நம் வடகடல் அடிக்கிற வேகத்துக்கு மூச்சு விட்டால் இரைப்புத்தான் மிச்சம்!

தியானம் என்று தனியாக உட்கார வேண்டியதில்லை. எண்ணும்போது நினைப்பு நாளைய கடலுக்குப் போகும். போகட்டும், திரும்பவும் ஒன்றிலிருந்து எண்ணுங்கள். கடலுக்குப் பயப்படுவதைக் குறை என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பயம் கொஞ்சம் இருப்பது நல்லதுதான்.

இரண்டு விஷயம் மறக்க வேண்டாம். படபடப்பு பகலிலும் வந்தால், மாடி ஏறினால் மூச்சு வாங்கினால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தசோகையும் பிபியும் பாருங்கள். அப்புறம், தனியாக முங்காதீர்கள். ஒருவர் உள்ளே இருக்கும்போது இன்னொருவர் மேலே நின்று பார்க்கட்டும்.