மாடியில் இருப்பவருக்கு வயது அதிகம்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட ஆச்சிமார்களே, பின்னால் நிற்கும் மாணவச் செல்வங்களே, வணக்கம்.

1939இல் சா. கணேசன் கம்பன் திருவிழாவைத் தொடங்கிய காரைக்குடி இது. கைகேயியா கூனியா, வாலியா சுக்ரீவனா என்று வழக்குக் கேட்டுப் பழகிய செவிகள் உங்களுடையவை. இன்றைய வழக்கு கொஞ்சம் வேறு. நவீன இயற்பியலில் நம் புத்தியை அதிகம் புரட்டிப் போட்டது துகளா, காலமா? துகள்தான் என்று வாதாடிவிட்டு எதிரணி அமர்ந்திருக்கிறது. காலம்தான் என்று சொல்ல நான் எழுந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவி நன்றாகப் பேசினார். எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பினாலும், இரண்டு வழிகளிலும் போன அலையைப்போல அவை திரையில் வரிவரியாக விழுகின்றன என்றார். உண்மை. ஜப்பானில் டோனோமுரா குழுவினர் 1989இல் அதைப் படமே பிடித்துக் காட்டினார்கள். பின்னிப் பிணைந்த இரண்டு துகள்களை எவ்வளவு தொலைவு பிரித்தாலும் அவற்றின் உறவு விடுவதில்லை என்றார். அதுவும் உண்மை. இயற்பியலாளர் ஜான் பெல் அந்த உறவைப் பற்றி 1964இல் போட்ட கணக்கைச் சோதித்துக் காட்டியவர்களுக்கு 2022இல் நோபல் பரிசே கிடைத்தது. எதையும் நான் மறுக்கவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். புத்தி புரள வேண்டுமானால், அதற்கு முன்பு அது ஓரிடத்தில் நிலையாக நின்றிருக்க வேண்டும் அல்லவா? எலக்ட்ரானைப் பற்றி நமக்கு என்ன நிலையான எண்ணம் இருந்தது? 1897இல் ஜே.ஜே. தாம்சன் சொல்லும்வரை அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. நம் பாட்டனும் பூட்டனும் அதனோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொண்டதில்லை. பழகாத ஒன்று இரண்டு வாசலில் நுழைந்தால் என்ன, இருபது வாசலில் நுழைந்தால் என்ன? வியப்போம், வீட்டுக்குப் போவோம்.

காலம் அப்படியா? பிறந்த நாழிகையைக் குறித்துச் சாதகம் எழுதியவர்கள் நாம். இராகு காலம் கழித்துப் படியிறங்கியவர்கள். இந்தச் செட்டிநாட்டிலிருந்து இரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொண்டுவிற்கப் போனவர்கள் மூன்றாண்டுத் தவணை முடித்துத் திரும்புவார்கள். அங்கே அவர் கழித்த மூன்று ஆண்டும், இங்கே ஆச்சி வளவில் உட்கார்ந்து எண்ணிய மூன்று ஆண்டும் ஒன்றேதான் என்பதில் யாருக்காவது ஐயம் வந்ததுண்டா? வட்டித் தொழில் முழுவதும் அந்த நம்பிக்கையின் மீதுதான் நின்றது. கடன் கொடுத்தவனுக்கு ஒரு காலம், வாங்கியவனுக்கு ஒரு காலம் என்று ஆகிவிட்டால் வட்டியை எதை வைத்துப் போடுவது?

அந்த நம்பிக்கையைத்தான் 1905இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்த 26 வயது இளைஞர் ஒருவர் உடைத்தார். ஓடுகிறவரின் காலம் வேறு, நிற்கிறவரின் காலம் வேறு என்றார் ஐன்ஸ்டீன். இரங்கூன் கப்பல் போன வேகத்துக்கு அந்த வேறுபாடு வட்டி போடும் அளவுக்கு வராதுதான். ஆனால் 1971இல் ஹாஃபேல், கீட்டிங் என்ற இரண்டு அறிவியலாளர்கள் அணுக் கடிகாரங்களைப் பயணி விமானங்களில் ஏற்றி உலகைச் சுற்றி வந்தார்கள். கிழக்கே போனவை தரையில் இருந்த கடிகாரத்தைவிட 59 நானோ விநாடி பின்தங்கின; நானோ என்றால் நூறு கோடியில் ஒரு பங்கு. மேற்கே போனவை 273 நானோ விநாடி முந்தின. கணக்கு சொன்னதும் ஏறக்குறைய அதுவே.

இதைவிடத் துணிச்சலான சாட்சி ஒன்று இருக்கிறது. உள்ளங்கையை விரித்து நீட்டுங்கள். விநாடிக்கு ஏறத்தாழ ஒரு மியூயான் என்ற நுண்துகள் அதை ஊடுருவிப் போகிறது. விண்கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதும்போது சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் பிறப்பது அது. அதன் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ விநாடி; மைக்ரோ என்றால் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. ஒளியின் வேகத்திலேயே ஓடினாலும் அந்த ஆயுளுக்குள் 660 மீட்டர்தான் கடக்க முடியும். பிறகு எப்படிக் காரைக்குடி வரைக்கும் வந்து சேர்கிறது? அது ஓடும் வேகத்தில் அதன் காலம் நமக்கு மெதுவாகத் தெரிகிறது, ஆகவே நெடுநேரம் பிழைக்கிறது. 1941இலேயே புரூனோ ரோஸியும் டேவிட் ஹாலும் கொலராடோ மலைப்பகுதியில் இதை அளந்துவிட்டார்கள்.

எதிரணியில் ஒருவர் சிரிக்கிறார். மியூயான் துகளாயிற்றே, எங்கள் ஆளாயிற்றே என்கிறாரோ? ஆமாம் ஐயா, உங்கள் ஆள்தான். உங்கள் ஆளே எங்களுக்குச் சாட்சி சொல்கிறது என்றால் வழக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று நடுவர் பார்த்துக்கொள்ளட்டும்.

அந்த மியூயானையே கேட்டால் கதை மாறும். "என் கடிகாரம் சரியாகத்தான் ஓடுகிறது, உங்கள் 15 கிலோமீட்டர் காற்றுதான் சுருங்கிவிட்டது" என்று சொல்லும். நம் பெட்டியடியில் இரண்டு கணக்கப்பிள்ளைகள் இரண்டு விதமாகப் பேரேடு எழுதி, இரண்டிலும் ஐந்தொகை காசு பிசகாமல் நேர்ப்பட்டால் எப்படியிருக்கும்? அப்படித்தான் இது. எந்தப் பேரேடு உண்மை என்ற கேள்விக்கே இடமில்லை.

இன்னும் விபரீதமானது "இப்போது" என்ற சொல்லுக்கு நேர்ந்த கதி. ஆண்ட்ரோமீடா என்ற விண்மீன் மண்டலம் சுமார் 25 இலட்சம் ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. நீங்கள் நாற்காலியில் அமர்ந்திருக்கிறீர்கள். பக்கத்தில் ஓர் ஆச்சி ஆண்ட்ரோமீடாவின் திசை நோக்கி மெல்ல நடந்து போகிறார். அங்கே "இந்த நொடியில்" நடப்பது என்று ஆச்சியின் கணக்குக் காட்டுவதும் உங்கள் கணக்குக் காட்டுவதும் ஒன்றல்ல. ஆச்சியின் இந்த நொடி, அங்கே உங்கள் இந்த நொடியைவிடச் சுமார் 4 நாள் பிந்தையது. நடந்ததால் மட்டும் வந்த வித்தியாசம்! அங்கிருந்து இருவருக்கும் இன்று தகவல் வரப்போவதில்லை, ஆகவே யாருக்கும் நட்டமில்லை. ஆனால் உலகம் முழுவதற்கும் பொதுவாக ஒரே ஒரு "இப்போது" என்பது அன்றோடு ஒழிந்தது. எலக்ட்ரான் இரண்டு வழியில் போனதற்கு அதிர்ந்தவர்கள் இதற்கு எவ்வளவு அதிர வேண்டும்!

இதெல்லாம் நம் புராணத்தில் இருக்கிறதே என்று இந்த மேடைகளில் ஒரு குரல் எழும். ரைவதன் என்ற அரசன் மகள் ரேவதிக்கு மாப்பிள்ளை விசாரிக்கப் பிரம்மலோகம் போனான், திரும்பி வருவதற்குள் பூமியில் பல யுகங்கள் ஓடிவிட்டன. அருமையான கதை. ஆனால் கதையையும் அளவையும் ஒன்றாக்கும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. கதையில் காலம் மாறப் பிரம்மலோகம் போக வேண்டியிருந்தது. ஐன்ஸ்டீன் 1915இல் முடித்த பொதுச் சார்பியல் என்ற ஈர்ப்புக் கொள்கையில் மாடிக்குப் போனாலே போதும்.

ஆமாம், இங்கே இருக்கும் மாடி வீடுகளைத்தான் சொல்கிறேன். ஈர்ப்பு அதிகமுள்ள கீழ்த்தளத்தில் காலம் மெதுவாக ஓடுகிறது, மேலே விரைவாக. இரட்டைப் பிறவி அண்ணன் தம்பியரில் ஒருவர் நான்கு மீட்டர் மேலே மாடியில் 80 ஆண்டும், மற்றவர் கீழே வளவில் 80 ஆண்டும் வாழ்ந்தால், மாடிக்காரருக்கு ஒரு விநாடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு வயது கூடிவிடும். கற்பனை அல்ல. கொலராடோவில் 2010இல் இரண்டு அலுமினிய அயனிக் கடிகாரங்களில் ஒன்றை 33 சென்டிமீட்டர் மட்டும் உயர்த்திப் பார்த்தார்கள். உயர்ந்தது விரைந்து ஓடியது. 2022இல் ஒரே ஒரு மில்லிமீட்டர் உயர வேறுபாட்டிலேயே அதைக் கண்டார்கள்.

நடுவர் மணியைத் தொடுகிறார். ஐயா, மேடை தரையைவிட உயரம். உங்கள் கடிகாரம் கூடுதலாக ஓடுகிறது. அந்தச் சலுகையை எனக்குக் கழித்துத் தாருங்கள்.

எதிரணியின் கடைசி அம்பு எனக்குத் தெரியும். பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்பதெல்லாம் ஒரு வித்தியாசமா, இதற்கா புத்தி புரளும் என்பார்கள். ஆத்தங்குடியைத் தேடிக் கைப்பேசியில் வழி பார்த்து வருகிறார்களே, அந்த ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் கடிகாரம் தரைக் கடிகாரத்தைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோ விநாடி முந்தும். அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் பத்து கிலோமீட்டருக்கு மேல் பிழை வரும். காரைக்குடியில் நிற்பவரைப் பிள்ளையார்பட்டிப் பக்கம் நிற்பதாகக் காட்டும்.

அது கிடக்கட்டும், அதைவிடப் பெரியது ஒன்று. மாடியிலிருந்து கை தவறினால் வெற்றிலைப் பெட்டி ஏன் கீழே விழுகிறது? பூமி இழுக்கிறது என்று பள்ளியில் படித்தோம். பொதுச் சார்பியல் அப்படிச் சொல்லவில்லை. மேலே விரைந்தும் கீழே மெதுவாகவும் ஓடும் அந்தக் காலத்துக்குள் தன்னிச்சையாக விடப்பட்ட பொருள் போகும் இயல்பான பாதைதான் விழுவது. நம் தரையில் காணும் ஈர்ப்பு ஏறக்குறைய முழுவதும் அந்த அற்ப வேறுபாட்டால் ஆனது. தேக்கு உத்தரத்தின் கனமும் அதுதான், அரிசி மூட்டையின் எடையும் அதுதான்.

எதிரணியினர் அடுத்து மறுப்புரைக்கு எழுவார்கள். எழும்போது முழங்காலில் ஒரு பாரம் தெரியும். தரை தங்களைத் தாங்குவதற்கு எலக்ட்ரான் வேண்டும் என்று அவர்கள் சொல்லலாம். தாங்கட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாங்க வேண்டிய பாரம் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் மைக் முன்னால் வந்து சொல்லிவிட்டு உட்காரட்டும். நன்றி, வணக்கம்.