கிங்கின் நெற்றியில் யார் குத்திய முத்திரை?

மாண்புமிகு நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, என் அணித் தோழர்களே, அவையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங்கின் வாழ்க்கையை அறிந்துகொள்ள, அவர்மீது குத்தப்படும் அரசியல் முத்திரைகள் துணையா, தடையா என்பது இன்றைய தலைப்பு. தடையே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணியில் முதலில் பேசிய நண்பர் அவரைக் குடியரசுக் கட்சிக்காரர் என்றார். இரண்டாவதாகப் பேசியவர் சோஷலிஸ்ட் என்றார். மூன்றாமவர், மிதவாதி என்ற ஒரு சொல்லில் மனிதர் முழுமையாக விளங்கிவிடுவார் என்று முடித்தார். நடுவர் அவர்களே, மூவரும் ஒரே அணி. முத்திரை உண்மையைக் காட்டும் விளக்கு என்றால், ஒரே மேடையில் ஒரே மனிதருக்கு மூன்று முகங்கள் எப்படி வந்தன? மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுகிறேன்.

கட்சியில் தொடங்குகிறேன். தந்தை குடியரசுக் கட்சியை ஆதரித்தவர், ஆகவே மகனும் அந்தக் கட்சியே என்பது முதல் நண்பரின் வாதம். தந்தையின் கதையை அவர் பாதியில் நிறுத்திவிட்டார். 1960 அக்டோபரில் அட்லாண்டாவில் இனப்பிரிவினையை எதிர்த்து நடந்த உள்ளிருப்புப் போராட்டத்தில் கிங் கைதானார். பழைய போக்குவரத்து வழக்கு ஒன்றைக் கிளறி, நான்கு மாதக் கடுங்காவல் விதித்து, அவரை ரீட்ஸ்வில் சிறைக்கு அனுப்பினார்கள். ஜனாதிபதித் தேர்தலுக்குச் சில நாட்களே இருந்தன. ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜான் கென்னடி, கிங்கின் மனைவி கொரெட்டாவைத் தொலைபேசியில் அழைத்து ஆறுதல் சொன்னார். கென்னடி கத்தோலிக்கர் என்பதாலேயே அவருக்கு எதிராக நின்ற தந்தை, அந்த அழைப்புக்குப் பிறகு என் வாக்கு அவருக்கே என்று அறிவித்தார். மகனோ நன்றி சொன்னார், ஆனால் ஆதரவு அறிக்கை தரவில்லை. தந்தையின் கட்சி மகனுக்குச் சொத்தாக வந்து சேரும் என்றால், எந்த ஆண்டின் தந்தையை எடுத்துக்கொள்வது?

கிங் குடியரசுக் கட்சியில் பதிவு செய்திருந்தார் என்று காட்டும் ஆவணம் எதுவும் இதுவரை வெளிவந்ததில்லை. ஜார்ஜியாவிலும் அலபாமாவிலும் வாக்காளர் பதிவில் கட்சிப் பெயரே இடம்பெறுவதில்லை. இரண்டு கட்சிகளிலும் குறை உண்டு, எதனோடும் நான் பிரிக்க முடியாதபடி கட்டுண்டவன் அல்லன் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அப்படியானால் ஜனநாயகக் கட்சிக்காரரா? 1956இல் எழுதிய ஒரு கடிதத்தில், இதுவரை ஜனநாயகக் கட்சிக்கே வாக்களித்து வந்திருப்பதாகச் சொன்னவர், இந்த முறை இன்னும் முடிவு செய்யவில்லை என்றும் சேர்த்தே சொன்னார். 1964இல் குடியரசுக் கட்சியின் பாரி கோல்ட்வாட்டருக்கு வாக்களிக்காதீர்கள் என்று வெளிப்படையாகவே பேசினார். இவை உண்மைகள். இவற்றை வைத்து முத்திரை குத்துவதற்கு முன்னால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அலபாமாவின் பர்மிங்ஹாமில் பள்ளிப் பிள்ளைகள்மீது நாய்களை ஏவி, தீயணைப்புக் குழாய்களைத் திருப்பிய நகரக் காவல்துறைப் பொறுப்பாளர் புல் கானர் எந்தக் கட்சி? ஜனநாயகக் கட்சி. இனப்பிரிவினை என்றென்றும் நிலைக்கும் என்று முழங்கிய அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸ்? அவரும் அதே கட்சி. இனப்பாகுபாட்டைத் தடை செய்த 1964 சிவில் உரிமைச் சட்டம் செனட்டில் 73க்கு 27 என்று நிறைவேறியபோது, எதிர்த்து வாக்களித்த 27 பேரில் 21 பேர் ஜனநாயகக் கட்சியினர், 6 பேர் குடியரசுக் கட்சியினர். சட்டத்தில் கையெழுத்திட்ட ஜனாதிபதி லிண்டன் ஜான்சனும் ஜனநாயகக் கட்சி. அந்த 6 பேரில் ஒருவரான கோல்ட்வாட்டரைத்தான் குடியரசுக் கட்சி அதே ஆண்டு ஜனாதிபதி வேட்பாளராக நிறுத்தியது. ஒரே பெயருக்குள் பகைவரும் துணைவரும் கலந்து கிடந்த காலம் அது. இன்றைய கட்சிச் சண்டைக்கு ஆள் சேர்ப்பதற்காக அந்தக் காலத்து மனிதரின் நெற்றியில் இன்றைய சின்னத்தை ஒட்டினால், பொய் சொல்லாமலே பொய்யை நிலைநாட்டிவிடலாம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

சோஷலிஸ்ட் என்ற முத்திரைக்கு வருமுன், அதன் கொடிய அண்ணனைப் பற்றிப் பேசியாக வேண்டும். கம்யூனிஸ்ட் என்ற முத்திரை. எதிரணி அதைத் தொடவே இல்லை. அதைத் தொட்டால் முத்திரைகளுக்குக் கைகால் உண்டு, அவை மனிதரைத் துரத்தும் என்பது தெரிந்துவிடும்.

1957இல் டென்னசியில் ஹைலேண்டர் என்ற மக்கள் கல்விப் பள்ளியின் ஆண்டு விழாவில் கிங் பேசினார். அங்கே எடுத்த ஒரு புகைப்படத்தைப் பெரிதாக்கி, கம்யூனிஸ்ட் பயிற்சிப் பள்ளியில் மார்ட்டின் லூதர் கிங் என்று எழுதி, 1965இல் தென் மாநில நெடுஞ்சாலைகளில் விளம்பரப் பலகைகளாக நிறுத்தினார்கள். படம் உண்மை, அதன் கீழே எழுதிய வரி பொய். விருந்தினராக வந்து உரையாற்றியவர், அந்த ஒரு வரியால் பயிற்சி பெற வந்தவராகிவிட்டார்.

அதைவிடக் கொடுமை அரசின் உள்ளே நடந்தது. 1963 ஆகஸ்டில், அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.யின் உள்நாட்டு உளவுப் பிரிவுத் தலைவர் வில்லியம் சல்லிவன், தம் இயக்குநர் எட்கர் ஹூவருக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். கறுப்பின மக்களின் இயக்கத்தில் கம்யூனிஸ்ட் கட்சியால் பெரிதாகச் செல்வாக்குப் பெற முடியவில்லை என்பது அதன் சாரம். ஹூவர் சீறினார். இடையில் ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டன் பேரணி நடந்தது. சுமார் இரண்டரை லட்சம் பேர் கூடினார்கள். ஆகஸ்ட் 30 அன்று அதே சல்லிவன், தாம் சொன்னது தவறு என்றும், கம்யூனிசம், கறுப்பினம், தேசப் பாதுகாப்பு ஆகிய கோணங்களில் இந்நாட்டின் மிக ஆபத்தான கறுப்பின மனிதர் கிங் என்றும் எழுதினார். அந்த ஒரு வாரத்தில் என்ன புதிய ஆதாரம் வந்தது? ‘எனக்கொரு கனவு உண்டு’ என்று கிங் அந்தப் பேரணியில் ஆற்றிய உரை வந்தது, ஒரு பேரணி வந்தது, மேலதிகாரியின் கோபம் வந்தது. ஆதாரத்திலிருந்து முத்திரைக்குப் போகவில்லை, முத்திரையிலிருந்து ஆதாரம் தேடப் புறப்பட்டார்கள்.

அக்டோபரில் அவருடைய தொலைபேசியை ஒட்டுக்கேட்க அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடி அனுமதி தந்தார். கிங்கின் ஆலோசகர் ஸ்டான்லி லெவிசனுக்குக் கம்யூனிஸ்ட் கட்சியோடு முன்பு இருந்த தொடர்பைத்தான் காரணம் காட்டினார்கள். கட்சித் தொடர்பைத் தேடிப் போன காதுகள் படுக்கையறை வரை போயின. 1964 நவம்பரில், நோபல் பரிசு அறிவிக்கப்பட்டுச் சில வாரங்களே ஆகியிருந்த நேரத்தில், ஒரு ஒலிநாடாவும் பெயரில்லாத ஒரு கடிதமும் அவருக்கு அனுப்பப்பட்டன. தற்கொலை செய்துகொள் என்று தூண்டுவதாகவே கிங்கும் அவருடைய தோழர்களும் அந்தக் கடிதத்தைப் படித்தார்கள். அனுப்பியது எஃப்.பி.ஐ. என்பது 1970களின் நடுவில் செனட் குழு விசாரித்தபோது வெளியே வந்தது. இத்தனைக்குப் பிறகும், 1983இல் அவர் பிறந்தநாளைத் தேசிய விடுமுறையாக்கும் மசோதா வந்தபோது, செனட்டர் ஜெசி ஹெல்ம்ஸ் அதே முத்திரையைத் தூசு தட்டி எடுத்து வந்தார். மசோதா 78க்கு 22 என்று வென்றது. ஆனால் மனிதர் இறந்து பதினைந்து ஆண்டுகள் கழித்தும் அந்த முத்திரைக்கு உயிர் இருந்தது.

முத்திரை ஒரு சுருக்கக் குறிப்புத்தானே, அதனால் என்ன கெட்டுவிடப் போகிறது என்று கேட்டார் எதிரணி நண்பர். என்ன கெட்டது என்று அந்தக் கடிதத்தைப் பிரித்துப் படித்த வீட்டாரிடம்தான் கேட்டிருக்க வேண்டும்.

சரி, சோஷலிஸ்ட். இரண்டாவது நண்பர் 1952இல் கிங் கொரெட்டாவுக்கு எழுதிய கடிதத்தைக் காட்டினார். பொருளாதாரக் கொள்கையில் முதலாளித்துவத்தைவிடச் சோஷலிசத்தின் பக்கமே சாய்ந்தவன் என்று அதில் எழுதியிருப்பது உண்மை. நான் மறுக்கவில்லை, மறைக்கவும் மாட்டேன். ஆனால் அவர் மார்க்ஸை மாணவராக இருந்தபோதே ஊன்றிப் படித்து, கடவுளுக்கு இடமில்லாத பொருள்முதல்வாதத்தையும், தனிமனிதரை அரசுக்குப் பலியிடும் சர்வாதிகாரத்தையும் ஏற்க முடியாது என்று 1958இல் அச்சிலேயே சொன்னவர். 1967 ஆகஸ்டில் தாம் தலைமை தாங்கிய சிவில் உரிமை அமைப்பின் மாநாட்டில், வாழ்க்கை தனிமனிதருக்குரியது என்பதைக் கம்யூனிசம் மறக்கிறது, அது சமூகத்துக்குரியது என்பதை முதலாளித்துவம் மறக்கிறது, இரண்டையும் கடந்த ஒன்றுதான் வேண்டும் என்றார். அதே உரையில் எல்லோருக்கும் உத்தரவாதமான வருமானம் வேண்டும் என்றும் கேட்டார். 23 வயது இளைஞர் காதலிக்கு எழுதிய ஒரு வரியை வைத்து, 38 வயதில் அவர் எட்டிய சிந்தனையை மூடிவிடுவதற்கு நண்பருக்கு முத்திரை உதவுகிறது. எனக்கு இரண்டு வரிகளும் வேண்டும். அவை எழுதப்பட்ட ஆண்டுகளும் வேண்டும்.

மூன்றாவது முத்திரை மிதவாதி. இதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது, ஏனென்றால் இதைக் குத்துபவர்கள் பகைவர்கள் அல்லர். அக்காலத்தின் மற்றொரு கறுப்பினத் தலைவரான மால்கம் எக்ஸ் தீவிரவாதி, கிங் மிதவாதி என்று எதிரெதிராக நிறுத்தி எத்தனை வகுப்பறைகளில் பாடம் நடத்தியிருப்பார்கள்! அதற்கு அடிக்கடி சான்றாகக் காட்டப்பட்டது, 1965 ஜனவரியில் ஒரு மாத இதழில் வந்த நேர்காணல். எழுத்தாளர் அலெக்ஸ் ஹேலி எடுத்தது. மால்கம் தமக்கும் நம் மக்களுக்கும் பெருங்கேடு செய்துவிட்டார் என்று கிங் சொன்னதாக அதில் அச்சாகியிருந்தது. கிட்டத்தட்ட அறுபது ஆண்டுகள் அதை எல்லோரும் எடுத்தாண்டார்கள். 2023இல் வாழ்க்கை வரலாற்றாசிரியர் ஒருவர் டியூக் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் நேர்காணலின் தட்டச்சுப் படியைத் தேடி எடுத்து ஒப்பிட்டார். மால்கமின் கருத்துகளோடு தமக்கு உடன்பாடில்லை என்று கிங் சொன்னது அங்கே இருந்தது. பெருங்கேடு என்ற அந்தத் தீர்ப்பு இல்லை. முத்திரைக்குப் பொருத்தமாக இருந்ததால் அறுபது ஆண்டுகளாக யாருக்கும் மூலத்தைப் புரட்டிப் பார்க்கத் தோன்றவில்லை, நடுவர் அவர்களே. முத்திரை தடை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

மிதவாதி என்றால் நாட்டுக்கு இனித்திருக்க வேண்டுமே! 1966இல் காலப் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில் அமெரிக்கர்களில் 63 விழுக்காட்டினர் அவரைப் பற்றிப் பாதகமான எண்ணமே கொண்டிருந்தார்கள். 1963 ஏப்ரலில் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில், நீதியைவிட அமைதியையே பெரிதாக நினைக்கும் வெள்ளையின மிதவாதிகளை நொந்துகொண்டவர் அவர். அவருக்கா அந்தப் பெயர்?

இங்கே எதிரணித் தலைவர் வைத்த வலுவான வாதத்துக்கு வருகிறேன். அரசியல் பெயர்களையெல்லாம் உரித்துவிட்டால் கிங் பல் பிடுங்கப்பட்ட மகானாகிவிடுவார், எல்லோரும் மாலை போட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்றார். அந்தக் கவலை எனக்கும் உண்டு. வாஷிங்டன் பேரணியின் முழுப்பெயர் வேலைக்கும் விடுதலைக்குமான பேரணி. வேலை என்ற பாதி இன்று பலருக்கு நினைவில்லை. அன்று கனவைச் சொல்வதற்கு முன்னால், அமெரிக்கா கறுப்பின மக்களுக்குக் கொடுத்தது பணமில்லாமல் திரும்பி வந்த காசோலை என்று அவர் குற்றம் சாட்டியதும் நினைவில்லை. வாஷிங்டனில் 2011இல் திறந்த நினைவுச்சின்னத்திலும் இதுதான் நடந்தது. இறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு, தம் தேவாலயப் பிரசங்கத்தில், என்னை அணிவகுப்பின் முன்னே நடப்பவன் என்று சொல்ல நீங்கள் விரும்பினால், நீதிக்காக முன்னே நடந்தவன் என்று சொல்லுங்கள் என்றார் கிங். நிபந்தனையை வெட்டிவிட்டு, நான் நீதிக்காக முன்னே நடந்தவன் என்று கல்லில் செதுக்கினார்கள். தற்பெருமையை விலக்கிய பிரசங்கம் தற்பெருமையாகவே நின்றது. எதிர்ப்பு எழுந்து, 2013இல் அந்த வரியைக் கல்லிலிருந்து நீக்கினார்கள்.

ஆனால் இந்த நோய்க்கு முத்திரை மருந்தாகுமா? மகான் என்பதும் ஒரு முத்திரையே அல்லவா! அவருடைய அரசியலைச் சொல்ல வேண்டாம் என்று நாங்கள் கேட்கவில்லை. அவர் எந்த நாளில், எந்த ஊரில், யார் முன்னால், என்ன சொன்னார் என்று முழுதாகச் சொல்லுங்கள் என்கிறோம். 1967 ஏப்ரல் 4 அன்று நியூயார்க்கின் ரிவர்சைட் தேவாலயத்தில் வியட்நாம் போரைக் கண்டித்தார். சிவில் உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்ட அதே ஜான்சனின் போர் அது. பெரிய நாளிதழ்கள் அவரைச் சாடின, கறுப்பின அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யும் விலகி நின்றது. இந்தச் செய்தியில் பல் இல்லையா?

முத்திரைகளுக்கு ஆகாத உண்மைகள் இன்னும் உண்டு. 1956 ஜனவரியில் மாண்ட்கோமரியில் தம் வீட்டின்மீது குண்டு வீசப்பட்ட பிறகு, கிங் துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பித்தார், மறுக்கப்பட்டது. அகிம்சையை அவர் பிறவியிலேயே கொண்டுவரவில்லை, அச்சத்தின் நடுவே கற்றுக்கொண்டார். அவருடைய முனைவர் பட்ட ஆய்வேட்டில் பிறர் எழுதியவை உரிய குறிப்பில்லாமல் எடுக்கப்பட்டிருப்பதை 1991இல் பாஸ்டன் பல்கலைக்கழகக் குழு உறுதி செய்தது. பட்டத்தைப் பறிக்கவில்லை, ஆய்வேட்டோடு ஒரு கடிதத்தை இணைத்தது. இது எனக்கும் உவப்பான செய்தி இல்லை. ஆனாலும் சொல்கிறேன். மகான் என்பவர்கள் இதை மறைப்பார்கள், எதிரி என்பவர்கள் இதை மட்டுமே பேசுவார்கள். குணமும் குற்றமும் சேர்த்து எழுதினால்தான் வாழ்க்கை வரலாறு.

நிறைவாக, எதிரணித் தலைவர் கேட்ட கேள்வி. கிங்கின் பெயரையே கேட்டிராத ஒரு மாணவருக்கு, முத்திரை இல்லாமல் முதல் வரியில் என்ன எழுதிக் கொடுப்பீர்கள் என்றார். இதோ எழுதித் தருகிறேன்:

1929இல் அட்லாண்டாவில் பிறந்த பாப்டிஸ்ட் போதகர். 1955 டிசம்பரில் பஸ்களில் இருந்த இனப்பிரிவினையை எதிர்த்த மாண்ட்கோமரி பஸ் புறக்கணிப்புக்குத் தலைமை ஏற்று, 1964இல் நோபல் அமைதிப் பரிசு பெற்று, 1967இல் தம் அரசு நடத்திய போரை எதிர்த்து, துப்புரவுத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணை நிற்கப் போன மெம்பிஸ் நகரில் 1968 ஏப்ரல் 4 அன்று சுட்டுக் கொல்லப்பட்டவர்.

இதில் எந்தக் கட்சி குறைகிறது என்பதை நடுவர் அவர்கள் சொல்லட்டும். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.