அப்பாவின் சி.டி.சி. புத்தகம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஏப்ரல் 5 தேசியக் கடல்சார் தினம். 1919-ஆம் வருஷம் அந்த நாளில்தான் சிந்தியா கப்பல் கம்பெனியின் 'லாயல்டி' கப்பல் பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கிளம்பியது. அதையொட்டிப் பேச ஒரு கேப்டனைக் கூப்பிட்டிருக்கலாம். 31 வருஷம் தபால் ஆபீசில் முத்திரை குத்திய என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். என் அப்பா கப்பல்காரர் என்பதும், அவர் எந்தெந்தக் கப்பலில் எப்போது இருந்தார் என்று ஓய்வுபெற்ற பிறகு நான் தேடிக்கொண்டிருப்பதும்தான் காரணம்.

தூத்துக்குடியில் கப்பல் என்றால் வ.உ.சி. நினைவு வரும். 1906-இல் அவர் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் 'காலியா', 'லாவோ' என்ற பெயர்கள் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அவற்றின் அடித்தளத்தில் கரி அள்ளிப் போட்டவர்கள் யார் என்று கேட்டால் பதில் இல்லை. அப்பாவும் அந்த அடித்தளத்து ஆள்தான். அதிகாரி இல்லை, 'கலாசி'. கயிறு இழுப்பார், துரு சுரண்டுவார், பெயின்ட் அடிப்பார். வீட்டில் இருந்த நாட்களில் கப்பலைப் பற்றி அதிகம் பேச மாட்டார். கேட்டால், "எல்லா ஊருலயும் தண்ணி உப்புதான்" என்பார்.

அவர் போன பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். அடியில், ஒரு சிங்கப்பூர் துண்டில் சுற்றி, அவருடைய சி.டி.சி. புத்தகம் இருந்தது. கப்பல்காரர் வீடுகளுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கப்பலில் வேலை பார்க்கிறவருக்கு அதுதான் அடையாள அட்டை, அதுதான் வேலைச் சான்று. ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு வரி. கப்பலின் பெயர், பதிவான துறைமுகம், பதிவு எண், டன் கணக்கு, எந்த ஊரில் எந்தத் தேதியில் ஏறினார், எந்த ஊரில் இறங்கினார், என்ன வேலை, நடத்தை எப்படி. நடத்தைக் கட்டத்தில் 'வெரி குட்' என்று ஒரு முத்திரை. அப்பா எனக்கு ஒரு தடவைகூட வெரி குட் சொன்னதில்லை. அவருக்கு மட்டும் பக்கத்துக்குப் பக்கம் குத்திக் கொடுத்திருக்கிறார்கள்.

முதல் பக்கத்திலேயே ஓர் ஆச்சரியம். பிறந்த வருஷம் 1941 என்று இருந்தது. கோயிலில் திருமுழுக்குப் பதிவேட்டைப் பார்த்தால் 1939. விசாகப்பட்டினத்தில் 'மேகலா' என்ற பயிற்சிக் கப்பலில் சேரும்போது இரண்டு வயதைக் குறைத்துக் கொடுத்திருக்கிறார். அந்தக் காலத்தில் இது ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஆனால் தேடுகிறவர்கள் கவனிக்க வேண்டும்: கப்பல் ஆவணத்தில் வேறு வயது, கோயில் ஆவணத்தில் வேறு வயது இருந்தால் உடனே 'இது வேறு ஆள்' என்று தள்ளிவிடாதீர்கள்.

இன்னொரு வரியில் வேலை என்ற கட்டத்தில் 'டிண்டல்' என்று இருந்தது. அதை வைத்து இரண்டு நாள் யோசித்தேன். அப்புறம்தான் பிடிபட்டது, அது நம் 'தண்டல்'. தாத்தாவை ஊரில் தண்டல் என்றுதான் சொல்வார்கள். கொழும்புக்கு வெங்காயமும் வத்தலும் ஏற்றிப் போகிற தோணியில் தண்டல் என்றால் அவர்தான் கேப்டன், அவர் வைத்ததுதான் சட்டம். இயந்திரக் கப்பலில் அதே தண்டல், கலாசிகளுக்கு மேலே, அவர்களுக்கெல்லாம் தலைவரான சாரங்குக்குக் கீழே. ஒரே சொல், ஒரே குடும்பம். கப்பல் பெரிதானதும் பதவி சின்னதாகிவிட்டது. அப்பா தண்டல் ஆன சேதியைத் தாத்தாவிடம் எப்படிச் சொல்லியிருப்பார் என்று நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

சரி, கப்பல்களுக்கு வருவோம். சில வரிகளை இராமபாணப் பூச்சி தின்றிருந்தது. ஒரு பெயரில் 'ஜல' என்பது மட்டும் மிச்சம். ஆனால் பழைய கப்பல்காரர்களுக்கு அதுவே போதும். முதல் சொல்லை வைத்தே கம்பெனியைச் சொல்லிவிடுவார்கள். 'ஜல' என்றால் சிந்தியா, 'ஜக்' என்றால் கிரேட் ஈஸ்டர்ன், 'விஸ்வ' என்றால் ஷிப்பிங் கார்ப்பரேஷன். நம் பூம்புகார் கம்பெனி நிலக்கரி ஏற்றிய கப்பல்களுக்குத் 'தமிழ் அண்ணா', 'தமிழ் பெரியார்', 'தமிழ் காமராஜ்' என்று பெயர் வைத்தது. அதே வழக்கம்தான்.

பெயர் போனாலும் பதிவு எண் போகாமல் இருந்தால் கவலை இல்லை. கப்பலை விற்பார்கள், பெயரை மாற்றுவார்கள், கொடியை மாற்றுவார்கள், ஒரே பெயரில் மூன்று கப்பல் இருக்கும். பெயரை நம்பித் தேடினால் ஊர் சுற்றத்தான் வேண்டும். எண்ணை வைத்துத் தேடினால், உலகக் கப்பல்களின் விவரங்களைத் தொகுக்கிற லாயிட்ஸ் பதிவேட்டின் பழைய தொகுதிகளில் எங்கே கட்டினார்கள், எந்த வருஷம், எத்தனை டன், யாருடையது என்று ஒரே வரியில் கிடைக்கும். இப்போது எல்லோரும் சொல்கிற ஐ.எம்.ஓ. எண், அதாவது சர்வதேசக் கடல்சார் அமைப்பின் கப்பல் எண், 1987-இல் கொண்டுவந்தது, கட்டாயமானது 1996-இல். அதற்கு முந்தைய சி.டி.சி.யில் அதைத் தேடாதீர்கள்.

புகைப்படங்களையும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். கப்பல்காரர்களுக்கு உயிர்காப்பு வளையத்துக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வதில் ஒரு பிரியம். அந்த வளையத்தில் கப்பலின் பெயரும் பதிவான துறைமுகமும் எழுதியிருக்கும். அப்பாவின் தலை பாதிப் பெயரை மறைத்திருந்தாலும் 'பம்பாய்' முழுசாகத் தெரிகிறது. புகைபோக்கியின் நிறமும் பட்டையும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. கறுப்பு வெள்ளைப் படத்திலும் பட்டை தெரியும்.

1964-இல் அப்பா ஒரு பிரிட்டிஷ் கப்பலில் ஏழு மாதம் இருந்திருக்கிறார். அதன் மாலுமிப் பட்டியலைத் தேடப் போய்த்தான் நான் உலக வரைபடத்தை விரித்துவைத்து உட்கார்ந்தேன். பிரிட்டிஷ் கப்பல்களின் ஒப்பந்தத் தாள்கள் லண்டனில் இருக்கும் என்றுதானே நினைப்போம்? அங்கே தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்தில் ஒரு பங்குதான் மாதிரிக்கு வைத்திருக்கிறார்கள். ஐந்தில் முடிகிற வருஷங்களின் தாள்கள் கிரீனிச்சில் உள்ள கடல்சார் அருங்காட்சியகத்தில். 1951 முதல் 1976 வரைக்கும் மிச்சத்தில் பெரும்பகுதி கனடாவின் கிழக்குக் கோடியில் நியூஃபவுண்ட்லாந்து தீவில், செயின்ட் ஜான்ஸ் ஊரில் இருக்கிற மெமோரியல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. இடமில்லாமல் அழிக்கப் போனதை அவர்கள் வாங்கி அடுக்கி வைத்துக்கொண்டார்கள்.

பதிவு எண்ணையும் வருஷத்தையும் எழுதி அனுப்பினேன். நகல் வந்தது. கேப்டன், மேட், இன்ஜினியர்கள் எல்லோருடைய கையெழுத்தும் இருந்தது. அப்பா இல்லை. இந்திய மாலுமிகளுக்குத் தனி ஒப்பந்தம், தனித் தாள். சம்பளமும் தனி, சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தனித் தாள் அந்தக் கட்டில் இல்லை. பிறகு நம் நாட்டிலேயே ஓர் அலுவலகத்துக்கு நடந்தேன். கட்டுக் கட்டாகக் கழித்துவிட்டோம் என்றார்கள். அங்கே நாற்காலியில் இருந்தவர் தங்கமான மனிதர், ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

இனி வீட்டுக் கதைக்கு வருகிறேன். 1967 செப்டம்பரில் என் பாட்டி இறந்தார். அப்பா வரவில்லை. "எங்கம்மைக்கு ஒரு பிடி மண்ணு போட வரலியேல அவன்" என்று அத்தை நாற்பது வருஷம் சொன்னார். அதற்கு வீட்டில் இருந்த பதில், 'அவன் சூயஸ்ல மாட்டிக்கிட்டான்.' அந்த வருஷம் ஜூனில் சண்டை வந்து சூயஸ் கால்வாய் மூடியது உண்மை. 1975 ஜூன் வரை திறக்கவில்லை. கால்வாயின் நடுவில் பெரிய கசப்பு ஏரி என்று ஓர் ஏரி, அதில் எட்டு நாட்டுக் கொடிகளோடு 14 கப்பல்கள் எட்டு வருஷம் சிக்கிக் கிடந்தன. பாலைவன மணல் படிந்து மஞ்சளாகிவிட்டதால் 'மஞ்சள் கப்பற்படை' என்றே பெயர் வந்தது. அந்தப் பதினான்கையும் ஒன்றுவிடாமல் பார்த்தேன். ஒன்றின் பெயர் 'சிந்த்'. எனக்கு நெஞ்சு படபடத்தது. ஆனால் அது பிரெஞ்சுக் கப்பல். இந்தியக் கப்பல் ஒன்றுகூட அதில் இல்லை.

அப்படியானால் அப்பா எங்கே? புத்தகம் சொன்னது: 1967 ஏப்ரல் 11 பம்பாயில் ஏற்றம், 1968 பிப்ரவரி 2 கல்கத்தாவில் இறக்கம். நடுவில் ஒன்றும் இல்லை. நடுவை நிரப்பியது ஒரு புகைப்படம். பின்பக்கத்தில் படக்கடையின் முத்திரை: லாஸ் பால்மாஸ், 1967 ஆகஸ்ட் 29. லாஸ் பால்மாஸ் இருப்பது அட்லாண்டிக்கில், ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால். ஆப்பிரிக்காவைச் சுற்றி வருகிற கப்பல்கள் எண்ணெய் போடுகிற இடம். சூயஸ் வழியாக லண்டனிலிருந்து பம்பாய் சுமார் 6,300 கடல் மைல். நன்னம்பிக்கை முனையைச் சுற்றினால் 10,700-க்குப் பக்கம். பென்சிலை எடுத்து, நாளைக்கு 330 மைல் என்று வைத்து, வரைபடத்தில் குறித்துக்கொண்டே வந்தேன். பாட்டியை அடக்கம் செய்த செப்டம்பர் 19 அன்று, கப்பல் நேரே இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தால், அப்பா இந்தியப் பெருங்கடலின் நடுவில், வீட்டைப் பார்த்து வந்துகொண்டிருந்தார். 'சுத்தி வந்தோம்' என்று அவர் சொன்னது, வாய் மாறி வாய் மாறி 'மாட்டிக்கிட்டோம்' ஆகியிருக்கிறது.

வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனேன். அத்தைக்கு அப்போது எண்பது நெருங்கிவிட்டது. தரையில் விரித்து, பென்சில் கோட்டைக் காட்டி, "இந்தா இங்கதான் இருந்திருக்காங்க அத்தை, நடுக்கடல்ல" என்றேன். ரொம்ப நேரம் பார்த்தார். விரலால் அந்தக் கோட்டைத் தடவினார். "இம்புட்டு தூரமால" என்றார், அவ்வளவுதான்.

அதோடு விட்டிருந்தால் நான் வெற்றியோடு கிளம்பியிருப்பேன். அத்தை விடவில்லை. "சரி, எங் கல்யாணத்துக்கு எங்கல இருந்தான்?"

அந்தப் பக்கத்தை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். அத்தைக்குக் கல்யாணம் 1971 ஜூன். புத்தகத்தில் மே 6-ஆம் தேதி பம்பாயில் இறக்கம். அடுத்த ஏற்றம் ஆகஸ்ட் 28, அதே பம்பாயில். மூன்று மாதத்துக்கு மேல் அப்பா கரையில் இருந்திருக்கிறார். அந்த நாட்களில் அடுத்த கப்பலுக்குப் பெயரைப் பதிந்துவிட்டு ரோஸ்டரில் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். ஊருக்கு வந்த நேரத்தில் முறை வந்து போய்விட்டால் மறுபடி வரிசையின் வாலில் நிற்க வேண்டும். இதெல்லாம் நியாயம்தான். ஆனால் கல்யாணத்துக்கு வராததற்கு அவர் வீட்டில் சொல்லியிருந்த காரணம், 'கடல்ல இருந்தேன்.'

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பம்பாயிலதான் இருந்திருக்காங்க அத்தை" என்றேன்.

அத்தை வெற்றிலைப் பெட்டியை இழுத்துக்கொண்டார். "அது எனக்குத் தெரியும்ல. கல்யாணச் செலவுக்குன்னு முந்நூறு ரூவா மணியார்டர் வந்துச்சே, அந்தத் துண்டுல பம்பாய் முத்திரைதான இருந்துச்சு. நடுக்கடல்லயா தபாலாபீசு வச்சிருக்கான்?"

முப்பத்தொரு வருஷம் முத்திரை குத்தியவன் நான். எனக்கு அது தோன்றவில்லை.

"அத்தை, அந்தத் துண்டு இருக்கா?" என்று கேட்டேன்.

"அத அன்னைக்கே அடுப்புல போட்டுட்டேன். எங்கய்யா பாத்தா சங்கடப்படுவாருல்லா" என்றார்.

வணக்கம்.