அந்த ஒரு வார்த்தையை அடக்கித்தான் போட வேண்டும்

நடுவர் அவர்களே, கிருஷ்ணகிரிப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். ‘சிறு வானொலிகளில் கெட்ட வார்த்தை வரும் பாட்டை அப்படியே போடலாமா, அடக்கிப் போட வேண்டுமா?’ இதுதான் தலைப்பு. அடக்கித்தான் போட வேண்டும் என்று பேச வந்திருக்கிறேன். நானும் நண்பர்கள் நான்கு பேரும் வீட்டு மாடியில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து இணைய வானொலி நடத்துகிறோம். பைசா வருமானம் கிடையாது, பாட்டு மேல் உள்ள ஆசைதான்.

எதிரணித் தோழர் கேட்டார்: “தெருக்கூத்தில் கோமாளியாக வரும் கட்டியங்காரன் பேசாத பேச்சா? அதைக் குடும்பத்தோடு பார்த்த மண்தானே இது?” நியாயமான கேள்வி. பாரதக் கூத்துக்கு விடிய விடிய உட்கார்ந்தவன் நான். கட்டியங்காரன் எப்போது அப்படிப் பேசுவான்? பிள்ளைகள் சாக்கை விரித்துத் தூங்கிய பிறகு, நடுச்சாமத்தில். அப்போதும் முன்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் வாயைத் திறப்பான். ஒரு பாட்டி முகம் சுளித்தால் அடுத்த வரியில் பேச்சை மாற்றிவிடுவான். எங்களுக்கு அந்த முகம் தெரியுமா? நாங்கள் விடுகிற பாட்டு எந்த டீக்கடையில், எந்த ஷேர் ஆட்டோவில், எந்த மாங்கூழ் ஆலையில் ஓடுகிறது என்று மாடியில் இருக்கும் எங்களுக்கு எப்படித் தெரியும்? அமெரிக்காவில்கூட சாதாரண வானொலியில் காலை 6 மணியிலிருந்து இரவு 10 மணி வரை ஆபாசப் பேச்சுக்குத் தடை இருக்கிறது. நம் கட்டியங்காரன் சட்டம் இல்லாமலே அந்தக் கணக்கை வைத்திருந்தான்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் தெருமுனைத் தையல் கடை அக்கா காலையிலிருந்து இரவு வரை எங்கள் வானொலியைத்தான் ஸ்பீக்கரில் வைத்திருப்பார். ஒரு சாயங்காலம் நாங்கள் கேட்டுப் பார்க்காமல் வரிசையில் போட்ட பாட்டு ஒன்று ஓடியது. பள்ளிக்கூடப் பாவாடைக்கு அளவு கொடுக்க ஒரு பெண்பிள்ளை அப்பாவோடு வந்து நின்ற நேரம். அந்த வார்த்தை வந்தது. அக்கா சண்டைக்கு வரவில்லை. மறுநாள் என்னைப் பார்த்து, “தம்பி, இனிமே உன் ரேடியோவச் சத்தமா வைக்க பயமா இருக்கு” என்றார். ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

“சினிமாப் பாட்டுதானே, தணிக்கை ஆகியிருக்குமே” என்றார் இன்னொரு தோழர். தணிக்கை படத்துக்கு. தனியாக வெளிவரும் பாட்டைத் தணிக்கை வாரியம் பார்ப்பதில்லை. தியேட்டரில் ஊமையான வார்த்தை நம் கையில் இருக்கும் பாட்டில் முழுசாகவே இருக்கலாம். உரிமம் பெற்ற சமுதாய வானொலிகள் அகில இந்திய வானொலியின் நிகழ்ச்சி விதிகளுக்குக் கட்டுப்பட்டவை. எங்களைப் போன்றவர்களுக்கு அப்படி மேலே நின்று கேட்கும் ஆளில்லை, எங்கள் காதுதான் காவல்.

அந்தக் காதும் இங்கே ஒரு மொழிக்குப் போதாது. ஓசூர்ப் பக்கம் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே தெருவில் புழங்குகின்றன. தாளம் பிடித்திருக்கிறது என்று நாங்கள் போடும் கன்னடப் பாட்டில் என்ன திட்டு இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. இப்போது போடுவதற்கு முன்னால் அவரைக் கேட்க வைக்கிறோம். ஆங்கிலப் பாட்டு யாருக்குப் புரியும் என்று நினைக்காதீர்கள். பிள்ளைகளுக்கு முதலில் புரியும்.

இன்னொன்று, இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கெட்ட வார்த்தை என்றதும் உடம்பைச் சொல்லும் வார்த்தைதான் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது. ஒரு சாதிப் பெயரையே வசவாகப் பாடும் வரி? கறுப்பாக இருக்கும் பெண்ணைக் கேலி செய்யும் வரி? அந்த வரிகளுக்கு ‘பீப்’ ஒலி பெரும்பாலும் யாரும் போடுவதில்லை. கேட்கிறவருக்கு வலி அங்கேதான் அதிகம். எங்கள் பட்டியலில் அவைதான் முதலில் நிற்கின்றன.

“வார்த்தையை வெட்டினால் பாடியவருக்கு அவமரியாதை” என்கிறார்கள். அந்த வார்த்தைதான் பாட்டின் உயிர் என்றால் வெட்ட வேண்டாம். அந்தப் பாட்டையே விட்டுவிடலாம், பாட்டுக்கா பஞ்சம்? மற்றதில், குரலை மட்டும் அரை நொடி இறக்கி, இசை மட்டும் உள்ள பதிவை அந்த இடத்தில் ஒட்டிவிட்டால் தாளம் தடுக்காது. ‘பீப்’ வேண்டவே வேண்டாம். அது கேட்டதும் ஆளாளுக்கு அந்த வார்த்தையை மனசுக்குள் சொல்லிவிடுகிறார்கள். ஒரு பாட்டுக்கு இலவச மென்பொருளில் பத்து நிமிட வேலை இது. அந்தப் பத்து நிமிடம் இல்லை என்று சொல்லும் வானொலி, கேட்பவர் கடையில் நாள் முழுக்க ஒலிக்க ஆசைப்படுவது என்ன நியாயம், நடுவர் அவர்களே?

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். போன வாரம் அந்தத் தையல் கடையைத் தாண்டி வந்தேன். எங்கள் பாட்டுதான் ஓடியது. ஸ்பீக்கரில் இல்லை, அக்காவின் போனில், மெஷினுக்குப் பக்கத்தில் மட்டும் கேட்கிற மாதிரி. அது திரும்ப ஸ்பீக்கருக்கு வர வேண்டும் என்றுதான் ஒவ்வொரு பாட்டையும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம். வணக்கம்.