முப்பது வயதுக்கு முன்பே 'ஓய்வு'

(காட்சி: ஸ்ரீபெரும்புதூர், விடிகாலை. வரிசையாகக் கம்பெனி பஸ்கள்.)

இந்த ஊரில் நோக்கியா ஆலை 2006-ல் போன் தயாரிக்க ஆரம்பித்தது. உச்சத்தில் இருந்தபோது சுமார் 8,000 பேருக்கு நேரடி வேலை. 2014 நவம்பர் 1-ம் தேதி உற்பத்தி நின்றது.

நோக்கியாவின் போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வருமான வரித் தகராறில் மாட்டியிருந்த இந்த ஆலை கைமாறவில்லை. கொஞ்ச நாள் மைக்ரோசாஃப்டுக்கே ஒப்பந்தத்தில் போன் செய்து கொடுத்தார்கள். அப்புறம் அந்த ஒப்பந்தமும் போனது.

ஆனால் கேட்டை மூடுவதற்குப் பல மாதம் முன்பே, 5,000-க்கும் மேற்பட்டவர்கள் விருப்ப ஓய்வில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பலருக்கு வயது முப்பதுகூட இல்லை. இதில் விருப்பம் எங்கே, ஓய்வு எங்கே?

(திரையில்: 15 நாள் × 8 வருடம் = 120 நாள்)

ஆட்குறைப்பு என்றால் சட்டப்படி குறைந்தபட்சம் எவ்வளவு? ஒரு வருட சர்வீசுக்கு 15 நாள் சராசரிச் சம்பளம். ஆலை தொடங்கிய நாளிலிருந்து இருந்தவருக்கே நாலு மாதச் சம்பளம்தான் தேறும். கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, தனி; அதற்கு நிரந்தரத் தொழிலாளி என்றால் ஐந்து வருட சர்வீஸ் வேண்டும். விருப்ப ஓய்வில் கம்பெனிகள் இதைவிடக் கூடுதலாகவே தருவது வழக்கம். ஊரில் வீடு பாதியில் நிற்கும், தங்கைக்குக் கல்யாணம் பேசியிருப்பார்கள். யார்தான் கையெழுத்துப் போடமாட்டார்கள்?

சரி, அந்தக் கையெழுத்தில் இன்னொன்றும் போகிறது. தொழிலாளர் அரசுக் காப்பீடான இஎஸ்ஐயில் 2018-ல் அடல் பீமித் வ்யக்தி கல்யாண் என்று ஒரு திட்டம் வந்தது. வேலை போனவருக்கு 90 நாள் வரை உதவித்தொகை. 2020-ல் அதைச் சராசரி ஊதியத்தில் பாதியாக உயர்த்தினார்கள். விருப்ப ஓய்வில் வந்தவருக்கு அது கிடையாது. நீங்களாகத்தானே வந்தீர்கள், என்பது கணக்கு! இன்று அப்படி ஒரு தாளை யாராவது உங்கள் முன் நீட்டினால், இதையும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுப் பேனாவைத் திறங்கள்.

செட்டில்மென்ட் மொத்தமாக வரும். செலவு மாதாமாதம் வரும். கம்பெனி பஸ், கேன்டீன் சாப்பாடு, இஎஸ்ஐ மருத்துவம், இதெல்லாம் சம்பளச் சீட்டில் பெரிதாகத் தெரியாது. நின்ற மாதம்தான் தெரியும்.

அடுத்த வேலைக்குப் போனால், உற்பத்தி லைனில் ஒரே இடத்தில் நின்று ஒரே வேலையில் பழகிய கையை வேறு தொழிலில் புதுக் கையாகத்தான் எடுப்பார்கள். சம்பளமும் அப்படித்தான். பெண்களுக்கு வேறொன்றும் காத்திருக்கும். அறை எடுத்துத் தங்கிச் சம்பாதித்தவள் ஊர் திரும்பினால், வீட்டில் அடுத்த பேச்சு கல்யாணம்தான். "இன்னொரு கம்பெனியில் பார்க்கிறேன்" என்பதைக் காதில் வாங்க ஆளிருக்காது.

(காட்சி: அதே சாலை, பகல்.)

அந்த ஆலையை சால்காம்ப் என்ற சார்ஜர் கம்பெனி வாங்குவதாக 2019 நவம்பரில் அறிவிப்பு வந்தது. கட்டடத்துக்கு மறுபடி வேலை கிடைத்தது. 26 வயதில் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தவருக்கு அப்போது வயது 31.